எரித்தவர் எழுதி வைத்தது

கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா சுமார் 200 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். மாநில எல்லை தாண்டும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொன்னார் கைடு. அப்போதே கேட்டுவிட்டேன்: "மாயர்கள் ஏன் அப்படி மறைஞ்சு போனாங்க?" அவர் சிரித்ததோடு சரி, பதில் சொல்லவில்லை.

குகுல்கான் பிரமிடு முன்னால் நின்று முதலில் கைதட்டினார். படிகளில் பட்டுத் திரும்பிய எதிரொலி பறவை கீச்சிட்ட மாதிரி இருந்தது. கேட்சால் பறவையின் குரல் என்பார்கள். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்களா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அடுத்து கணக்கு. நாலு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, ஆக 364. உச்சி மேடையைச் சேர்த்தால் 365, ஒரு வருஷம்.

எண்ணிப் பார்க்கலாம் என்று சுற்றி வந்தேன். மேலே ஏறத் தடை. 1920, 30களில் வடக்கு, மேற்குப் பக்கங்களைத்தான் சீரமைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் சிதைந்த நிலையிலேயே இருக்கின்றன. அப்புறம் நாலு பக்கமும் 91 என்று யார் எண்ணியது?

ஸ்பானியப் பாதிரியார் டியேகோ டி லாண்டா. படிக்கட்டு நான்கு, ஒவ்வொன்றிலும் 91 படி என்று 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இதே லாண்டாதான் 1562 ஜூலையில் மனீ என்ற ஊரில் மாயர்களின் சுவடிகளைக் குவித்துக் கொளுத்தியவர். அதில் இருப்பதெல்லாம் பிசாசின் பொய் என்பது அவர் வாதம். மாய எழுத்தில் உள்ள சுவடிகளில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நாலே நாலு. அவருடைய கொடுமைகளுக்காக ஸ்பெயினில் விசாரணை நடந்தது. அங்கே இருந்தபோதுதான், 1566 வாக்கில், மாயர்களைப் பற்றி விரிவாக எழுதினார். பிறகு யுகடானுக்கே பிஷப்பாகத் திரும்பினார்.

அந்த நூலில் மாய "அகரவரிசை" ஒன்றும் இருக்கிறது. அது ஒரு பெரிய குழப்பம். லாண்டா ஸ்பானிய எழுத்துகளின் பெயரைச் சொல்லி, உங்கள் எழுத்தில் எழுது என்று கேட்டிருக்கிறார். "பே" என்றதும், எழுதியவர் 'பே' என்ற ஒலிக்கான குறியைப் போட்டுவிட்டார். மாய மொழியில் 'பே' என்றால் பாதை. மாயர்கள் தனித்தனி மெய்யாக எழுதவில்லை. நம்முடைய உயிர்மெய் மாதிரி ஓர் அசைக்கு ஒரு குறி, அதோடு முழுச்சொல்லைக் குறிக்கும் குறிகளும் உண்டு. இது புரியாமல் பல அறிஞர்கள் லாண்டாவின் பட்டியலை உதவாதது என்று ஒதுக்கினார்கள்.

1952இல் லெனின்கிராடில் யூரி க்னோரோசோவ் அதைச் சரியாகப் படித்தார். ஒரு சுவடியில் வான்கோழிப் படத்துக்கு மேலே இரண்டு குறிகள். முதலாவது லாண்டா பட்டியலில் இருக்கும் 'கு'. யுகடான் மாய மொழியில் வான்கோழி 'குட்ஸ்'. அப்படியானால் இரண்டாவது குறி 'ட்ஸு', கடைசி உயிர் ஒலிக்காது. நாய்ப் படத்துக்கு மேலே அதே 'ட்ஸு', பிறகு 'லு': ட்ஸுல். பழைய அகராதியில் அது நாய்! பூட்டு திறந்துகொண்டது. அவர் மாயர்களின் மண்ணை முதன்முதலில் மிதித்ததே 1990இல்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், பட்டியல் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? அந்த மொழி பிழைத்திருந்ததால்தான் சாவி பூட்டில் பொருந்தியது.

திரும்பும் பஸ்ஸில் கைடிடம், "காட்டு வான்கோழிக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?" என்றேன். "குட்ஸ்" என்றார், யோசிக்கவே இல்லை. வீட்டில் மாயாதான் பேசுவார்களாம். 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் யுகடான் மாயா பேசுகிறவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல். குவாத்தமாலாவில் மற்ற மாய மொழிகளைப் பேசுகிறவர்கள் பல லட்சம்.

நகரங்கள்தான் காலியாகின, ஜனங்கள் அங்கேயே இருக்கிறார்கள். காலையில் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் போனால் கைதட்டல், படிக்கணக்கு எல்லாம் முடிந்தபிறகு, கைடிடம் அவர் மொழியில் நாலு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.