குதிர் அறையில் ஒரு தையல் கூடம்

"நம்ம ஊரு வெயிலுக்குப் போர்வை தைக்கிறாங்களாம், போர்வை!" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கத்து வெயிலை அறிந்தவர்கள் யாராயிருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வாலிகண்டபுரத்தில் எழுந்து வாசல் தெளித்துப் பாருங்கள், அப்போது தெரியும் போர்வையின் அருமை. தவிர, ஒட்டுத்துணிப் போர்வை போர்த்திக்கொள்ள மட்டுமா? தரையில் தவழும் குழந்தைக்கு விரிப்பு, கட்டிலுக்கு மேல்விரிப்பு, ஊஞ்சல் பலகைக்கு மெத்தை என்று அது செய்யாத வேலை இல்லை.

எங்கள் பாட்டிமார் இதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. நைந்த நூல் புடவைகளை நாலாக மடித்து, சுற்றிலும் ஓடு தையல் போட்டுப் பிள்ளைக்கு விரித்தார்கள், அவ்வளவுதான். அதையே துண்டு துண்டாக வெட்டி, நிறம் பார்த்துச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் ஊடுருவித் தைத்தால் 'குவில்ட்' என்கிறார்கள். தேருக்கும் கோயில் விழாவுக்கும் கட்டும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கைவேலைக்காரர்கள் துணிமேல் துணி வைத்துத் தைக்கிற அந்த வேலை இதற்குச் சித்தப்பன் மகள் என்றே சொல்லலாம். வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பேரில் பழம்புடவைதான் மறுபிறவி எடுக்கிறது. 2019 ஜனவரியில் சென்னையில் இதற்கென்றே ஒரு திருவிழா நடந்தது. போக முடியவில்லை. படங்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை பிடித்தது.

ஆசை பிடித்த கையோடு நான் செய்த முதல் தப்பு, இடம் பார்க்காமல் வேலையைத் தொடங்கியது. கூடத்தில் பாய் விரித்தேன், துணி பரப்பினேன், ஊசியைப் பாயில் குத்தி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் பெரியவன் துண்டுகளைக் கலைத்திருப்பான். மறுபடி அடுக்குவேன். அதற்குள் யாராவது விருந்தாளி வருவார்கள், எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போடுவேன். நாலு மாதத்தில் பாதிப் போர்வைகூட முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஊசிகளை எடுத்து வைக்கும்போது ஒன்று குறைந்தது.

"எத்தனைம்மா வச்சிருந்த?" என்று கேட்டார் அத்தை.

"பத்து, அத்தை. ஒன்பதுதான் இருக்கு."

சின்னவளுக்கு அப்போது பத்து மாதம். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்து பார்த்தோம், நூல் துணுக்குதான் இருந்தது. ஆனால் நூல் இருந்தால் ஊசியும் இருந்திருக்குமே! பாயை உதறினோம், கூட்டினோம், விளக்கடித்துத் தேடினோம். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர், "வாழைப்பழம் ரெண்டு குடுங்க, அதோட வெளிய வந்துடும்" என்றார். இன்னொருவர் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார். நல்லவேளையாக என் கணவர் இரண்டையும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்றார் டாக்டர். அந்த அரை மணி நேரத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. தாய்மார்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டாக்டர் சொன்ன ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். கூர்மையான பொருளைக் குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வரும் வழியிலும் அது கிழிக்கும். பழமோ சோறோ தண்ணீரோ கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.

ஊசி எங்கே இருந்தது என்கிறீர்களா? மறுநாள் காலையில் அத்தைதான் கண்டுபிடித்தார். போர்வையின் பஞ்சுக்குள் புதைந்து கிடந்தது. அதன்மேல் கையை வைத்து அழுத்தி, "இங்க ஏதோ குத்துது பாரு" என்றார். நான் அந்தப் போர்வையையே குப்பையில் போட எடுத்தேன். அத்தை விடவில்லை. "தைக்கிறது தப்பில்லம்மா. தைக்கிற எடந்தான் தப்பு" என்றார்.

சரித்திரப் புத்தகத்தில் எங்கள் ஊருக்கு ஓர் இடமுண்டு. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபுக்காக இங்கே மோதிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மோதல் நடந்தது ஒரு குதிருக்காக. பின்கட்டில் ஒரு சிறு அறை. பத்தடிக்கு எட்டடி இருக்கும். கதவு உண்டு, மேலே தாழ்ப்பாள் உண்டு. அந்தக் காலத்தில் கம்பும் சோளமும் கொட்டி வைத்த மண்குதிர் ஒன்று மூலையில் நிற்கிறது. இப்போது இந்தப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும்தான். களத்திலிருந்தே விற்பனைக்குப் போய்விடுகிறது, குதிரில் போட ஏது? "உடைச்சுட்டா அறை முழுசும் உனக்கு" என்றார் என் கணவர். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "மகாலட்சுமி இருந்த எடத்தையா ஒடைப்பீங்க?"

ஒரு வாரம் யாரும் பேசவில்லை. கடைசியில் குதிர் அங்கேயே நின்றது. அதைச் சாணம் போட்டு மெழுகி, காயவிட்டு, வாயையும் அடித்துளையையும் எலி புகாமல் மரப்பலகையால் அடைத்து, பஞ்சை அதற்குள் போட்டு வைத்தேன். ஈரம் ஏறாமல், தூசி படாமல் பஞ்சுக்கு அதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. அத்தைக்கும் திருப்தி. "ஏதோ வெள்ளையா ஒண்ணு கெடக்கட்டும் அதுல" என்கிறார்.

அறைக்குள் முதலில் வந்தது மேஜை. தரையில் குனிந்து துணி வெட்டி வெட்டி என் இடுப்பு முறிந்திருந்தது. பழைய வீட்டுக் கதவு ஒன்று மாட்டுக் கொட்டகையில் சாத்திக் கிடந்தது. இழைத்து, இரண்டு மரத் தாங்கியின்மேல் கிடத்தினோம். உயரத்துக்குக் கணக்கு இருக்கிறது. நேராக நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேஜை இருக்கவேண்டும். குள்ளமான எனக்கு அது 34 அங்குலம். உங்களுக்கு வேறாக இருக்கலாம். உட்கார்ந்து தைக்கிற மேஜை இதைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்காதீர்கள்.

தையல் மெஷினை ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி போட்டேன். வலது கைக்காரர்களுக்குக் கை நிழல் தையலில் விழாது. ரவிக்கை தைக்கும்போது தெரியாத ஒரு சங்கடம் போர்வை தைக்கும்போது தெரியும். துணியின் கனம் மெஷினுக்கு இடப்புறம் தொங்கி ஊசியை இழுக்கும். தையல் கோணும், ஊசி ஒடியும், தோள்பட்டை வலிக்கும். இடப்பக்கம் மெஷின் உயரத்துக்கே ஒரு பெஞ்சு போட்டு, பின்பக்கம் சுவரில் முட்டாமல் ஓரடி இடம் விட்டால் போர்வை தானாக நகரும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஆறு மாதம் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது துணி. பெரம்பலூரில் ஒரு தையற்கடைக்காரர் ரவிக்கை வெட்டுத்துணிகளைப் பை நிறையக் கொடுத்துவிடுகிறார். திருப்பூர்ப் பனியன் துண்டுகளும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது இழுபடும் துணி. நூல் துணியோடு சேர்த்தால் போர்வை அலை அலையாகச் சுருங்கும். அதனால் வந்த அன்றைக்கே நூல் துணி, பட்டு, பாலியெஸ்டர், பனியன் என்று பிரித்துவிடுவேன். வெட்டும் முன் எல்லாவற்றையும் ஒரு தரம் அலசி உலர்த்தவேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். ஈர வெள்ளைத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் ஒட்டுவது நிற்கும்வரை தனியாக அலசுங்கள். ஒரு தரம் சோம்பல்பட்டு விட்டதில் வெள்ளைப் போர்வை முழுதும் ரோஜா நிறமாகிவிட்டது. அதை ரோஜாப் போர்வை என்று சொல்லியே ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தேன்.

நூல் துணிகளை மேஜையடியில் நாலு டிரங்குப் பெட்டிகளில் வைத்திருக்கிறேன். வெளிர் நிறம் ஒன்று, நடு நிறம் ஒன்று, அடர் நிறம் ஒன்று, எதிலும் சேராதவை ஒன்று. பச்சை, நீலம் என்று நிறவாரியாகத்தான் முதலில் அடுக்கினேன், அது உதவவில்லை. போர்வையில் கோலம் எடுப்பாகத் தெரிவது வெளிருக்கும் அடருக்கும் உள்ள வித்தியாசத்தால்தான். அம்மா கொடுத்த மர அஞ்சறைப்பெட்டியில் பாபின்களும் பொத்தான்களும் உட்கார்ந்திருக்கின்றன. சுவரில் பழைய ஃபிளானல் துணி ஒன்றை விறைப்பாக அடித்திருக்கிறேன். பருத்தித் துண்டுகளை அதன்மேல் வைத்தால் குண்டூசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். பாதி வேலையில் அடுப்பைப் பார்க்கப் போனாலும் வந்து பார்க்கும்போது அப்படியே இருக்கிறது.

கஞ்சி போட்ட துணியைப் பெட்டியில் வைக்காதீர்கள், பூச்சி அரிக்கும். வேப்பிலைச் சருகும் வசம்பும் சிறு மூட்டையாகக் கட்டிப் போட்டு, மாதம் ஒரு தரம் வெயிலில் காட்டினால் போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். விழுங்கினால் விஷம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்துருண்டை வைத்த துணியைப் போர்த்தினாலே, பிறவியில் ஒருவகைக் குறைபாடுள்ள சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை காணும்.

முதல் போர்வை தைக்க நினைப்பவர்களுக்கு என் கணக்கு இது. ஐந்து அங்குலச் சதுரம் 80 வெட்டுங்கள். கால் அங்குலம் தையலுக்கு விட்டு, வரிசைக்கு எட்டாகப் பத்து வரிசை சேர்த்தால் 36-க்கு 45 அங்குலம் வரும். தவழும் குழந்தைக்கு ஏற்ற அளவு. நடுவில் மெல்லிய பருத்திப் பஞ்சு அல்லது பழைய ஃபிளானல். இலவம்பஞ்சு தலையணைக்குத்தான் லாயக்கு, இங்கே வழுக்கி ஓடி மூலையில் சேரும். தளர்ந்த பஞ்சானால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓடு தையல் கட்டாயம், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே கட்டி தட்டிவிடும். இந்த விரிப்பு குழந்தை விழித்து விளையாடும்போதுதான். ஒரு வயது நிரம்பாத பிள்ளை தூங்கும்போது அடியில் மெத்தென்ற விரிப்போ மேலே தளர்ந்த போர்வையோ கூடாது, மூச்சு முட்டும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். நம் பக்கத்தில் அன்போடு போர்த்திப் போர்த்தி வைக்கிறோம், அதனால் சொன்னேன்.

தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி இனத்துப் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தைக்கும் கவந்திக்கு மேஜையும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். ஒரு பழம்புடவையை அடியில் வைத்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக் கையாலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். மடியளவு இடம் போதும். கடைசியில் நாலு மூலையிலும் பூ மாதிரி மடித்த துணி. அது இல்லாமல் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம்! அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் வயல்வேலைச் சட்டைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களின் சுவர் ஏறின. 2006-ல் தபால்தலையிலும் வந்தன. அவர்கள் வீட்டிலும் தனித் தையலறை இருந்திருக்காது.

ஆனால் அறை இல்லாவிட்டாலும் ஊசிக்கு ஒரு இடம் வேண்டும். என் அறையில் பத்து ஊசிகள், ஒரே குத்துத் தலையணை, கையெட்டாத ஆணியில் கத்தரிக்கோல். எடுத்தால் எண்ணி எடுப்பேன், கதவைச் சாத்தும்முன் எண்ணி வைப்பேன். பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுவதும், முடிந்த போர்வை முழுவதும் ஒரு முறை ஓட்டுவேன். சின்னச் சின்னக் காந்தமாக வாங்காதீர்கள். இரண்டு மூன்றைக் குழந்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கும். சிலர் சக்கரக் கத்தி வாங்குகிறார்கள். வெட்டுவதற்குச் சுகம்தான், ஆனால் அது சவரக் கத்தி போல. தவழும் பிள்ளை இருக்கும்வரை நான் தொடப்போவதில்லை. திண்ணைக்கு வரும்போது ஒரு சிறு கூடை, அதில் ஒரே ஊசி. பிள்ளைகள் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் உள்ளறை வேலை.

எதிர்வீட்டு அக்காவுக்கு மகள்வழிப் பேரன் பிறந்திருக்கிறான். போன வாரம் தன் பழைய சுங்குடிப் புடவையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். "வெட்டிக் குடு, தைக்கிறத நான் தைக்கிறேன்" என்றார். 80 சதுரத்தில் 62 ஆகியிருக்கிறது. மேகம் மூடினால் அறைக்குள் வெளிச்சம் போதவில்லை. மழைக்கு முன்பு கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு மாற்றவேண்டும். வெள்ளிக்கிழமை வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.