மௌஸ் அசையவில்லையா? சுவிட்சில் கை வைக்காதீர்கள்!

ஒரு காலத்தில் கல்லாப்பெட்டியும் தராசும் கடன் கொப்பியும் இருந்தால் கடை நடந்தது. இன்று நிலைமை வேறு. மாத்தளை நகரின் புடவைக் கடைகள், ஹார்ட்வெயார் கடைகள், மருந்தகங்கள் முதல் உக்குவளை, ரத்தோட்டைப் பக்கங்களில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொள்வனவு செய்பவர்கள் வரை பலரிடம் கணனி வந்துவிட்டது. பில் போடுவது, இருப்புக் கணக்குப் பார்ப்பது, யாருக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தோம், யார் எவ்வளவு பாக்கி என்று பதிவது எல்லாமே அதில்தான்.

இத்தகைய கடையொன்றில் காலையில் கணனியைப் போடுகிறோம். திரை வருகிறது. அம்புக்குறியும் தெரிகிறது. ஆனால் மௌஸை எவ்வளவுதான் அசைத்தாலும் அம்புக்குறி அசைவதில்லை. வாடிக்கையாளர் காத்து நிற்கிறார். பதற்றத்தில் நம்மவர்கள் பலர் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்தி மீண்டும் போடுவது. மற்றது, கணனியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் இடத்துக்கு ஓடி, "என்ன செய்தாவது சரியாக்கித் தாருங்கள்" என்று கொடுத்துவிட்டு வருவது. இரண்டாலும் மௌஸின் விலையை விடப் பல மடங்கு நட்டம் ஏற்படலாம்.

ஏன் இந்த எச்சரிக்கை?

மௌஸ் நின்றுவிட்டது என்பதற்காகக் கணனியே நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே கணக்கு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால், எழுதிக்கொண்டிருக்கும் பதிவு பாதியில் நின்று, கணக்குக் கோப்பே பழுதடைய இடமுண்டு.

அடுத்தது 'போர்மட்'. வேலை சுலபமாக முடியட்டும் என்று விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள். பிரதி எடுக்காமல் போர்மட் செய்தால் பல வருடக் கடன் கணக்கு ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். மௌஸ் வேலை செய்யாமைக்கு போர்மட் தேவைப்படுவது மிக அபூர்வம். பெரும்பாலும் கம்பியோ, துவாரமோ, ஒரு செட்டிங்கோதான் காரணமாக இருக்கும்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

கீபோர்ட்டில் 'நம் லொக்' என்ற பட்டனை அழுத்துங்கள். அதற்குரிய சிறிய விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் கணனி உயிரோடுதான் இருக்கிறது. நின்றது மௌஸ் மட்டும். விளக்கு மாறவில்லை, திரையிலுள்ள மணிக்கூடும் நகரவில்லை என்றால் முழுக் கணனியும் உறைந்துவிட்டது எனக் கொள்ளலாம். சில நிமிடங்கள் பொறுத்துப் பார்த்தும் அசைவில்லை என்றால் மட்டும், கணனியின் பவர் பட்டனைச் சுமார் 10 செக்கன் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். அப்போதும் சுவர்ச் சுவிட்ச் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

கீபோர்ட்டாலேயே வியாபாரத்தை நடத்தலாம்

மௌஸ் என்ற கருவியை அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட் உலகுக்குப் பகிரங்கமாகக் காட்டியது 1968 டிசம்பர் 9ஆம் திகதி. அவருடைய முதல் மௌஸ் மரப்பெட்டியால் ஆனது. அதற்கு முன்னரும் கணனி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே மௌஸ் இல்லாமலும் நாம் சமாளிக்கலாம்.

கொன்ட்ரோல் பட்டனுடன் 'எஸ்' எழுத்தை அழுத்தினால் பெரும்பாலான மென்பொருள்களில் செய்த வேலை சேமிக்கப்படும். 'டெப்' பட்டன் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்லும். 'எண்டர்' தெரிவு செய்யும். ஆல்ட்டும் டெப்பும் சேர்ந்தால் திறந்திருக்கும் மென்பொருள்களுக்கிடையே மாறலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், நம் லொக் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். 'மௌஸ் கீஸ்' என்ற கேள்வி திரையில் தோன்றும். 'யெஸ்' என்பதில் வைத்து எண்டர் கொடுங்கள். இனிக் கீபோர்ட்டின் வலப்பக்க எண் பட்டன்களே மௌஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம். 5ஐ அழுத்தினால் ஒரு கிளிக். வேகம் குறைவுதான், ஆனால் நிற்கும் வாடிக்கையாளருக்குப் பில் கொடுத்து அனுப்ப இது போதும்.

முறையாக நிறுத்தி மீளத் தொடங்க, விண்டோஸ் பட்டனையும் 'டி' எழுத்தையும் அழுத்தி வெறுந்திரைக்கு வந்து, ஆல்ட்டையும் 'எப்4'ஐயும் அழுத்துங்கள். வரும் பட்டியலில் அம்புக்குறிப் பட்டனால் 'ரீஸ்டார்ட்' என்பதைத் தெரிந்து எண்டர் கொடுங்கள்.

எந்தக் கட்டத்தில் நின்றது?

காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று வைத்தியர் கேட்பது போல, மௌஸ் எந்த நேரத்தில் நின்றது என்று கவனித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

1. ஆரம்பத்திலிருந்தே உயிரில்லை. கணனியைப் போட்டவுடன் மௌஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். (சில மௌஸ்களில் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.) எரியவில்லை என்றால் கம்பியையும் துவாரத்தையும் சந்தேகியுங்கள். மௌஸுக்குள் கம்பி நுழையும் இடத்தில்தான் அது வளைந்து வளைந்து அறுந்து போவதுண்டு. யூ.எஸ்.பி. மௌஸாயின் கழற்றி, பெட்டியின் பின்பக்கமுள்ள வேறொரு துவாரத்தில் நேரடியாகச் செருகுங்கள். பின்னர் அந்த மௌஸை இன்னொரு கணனியிலும், இன்னொரு மௌஸை இந்தக் கணனியிலும் போட்டுப் பாருங்கள். குற்றம் எதில் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய கணனிகளில் வட்டமான முனையுடைய மௌஸ் இருக்கும். ஐ.பீ.எம். நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய 'பீ.எஸ்.2' முறை இது. பச்சைத் துவாரம் மௌஸுக்கு, ஊதாத் துவாரம் கீபோர்ட்டுக்கு. கூட்டும்போது கம்பி சற்றுத் தளர்ந்துவிட்டால், அன்றைய தினம் கணனி தொடங்கும்போது மௌஸைக் கண்டுகொள்ளாது. பிறகு செருகினாலும் பயனில்லாமல் போகலாம். ஆகவே கணனியை முறையாக நிறுத்தி, செருகி, பின்னர் போட வேண்டும். இயங்கும்போது இதனைக் கழற்றிச் செருகுவதும் நல்லதல்ல.

கம்பியில்லா மௌஸாயின் பெற்றரியையும் அடியிலுள்ள சுவிட்சையும் பாருங்கள். அதன் சிறிய ரிசீவரை நீல நிற யூ.எஸ்.பி. 3 துவாரங்களுக்கு அருகில் செருகினால், அங்கு வேலை செய்யும் ஹார்ட் டிஸ்க் போன்றவற்றின் அலைக் குறுக்கீட்டால் மௌஸ் தடுமாறலாம். முன்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் அம்புக்குறி அசையவில்லை என்றால் மேசையைப் பாருங்கள். நகைக் கடை, கைத்தொலைபேசிக் கடைகளின் கண்ணாடி மேசையில் சாதாரண ஒளி மௌஸ் ஓடாது. ஒரு கொப்பி மட்டையை விரித்தால் போதும். மசாலாத் தூளும் புடவைப் பஞ்சும் அடித்துவாரத்தை அடைத்துக்கொள்வதும் உண்டு. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுங்கள்.

2. விண்டோஸ் வரும்வரை விளக்கு எரிந்தது, வந்ததும் அணைந்தது. இங்கே மௌஸ் நலமாக இருக்கிறது. கோளாறு டிரைவரில் அல்லது மின்சிக்கன செட்டிங்கில். விண்டோஸ் பட்டனையும் 'எக்ஸ்' எழுத்தையும் அழுத்தி, பின் 'எம்' எழுத்தை அழுத்தினால் 'டிவைஸ் மெனேஜர்' திறக்கும். டெப் பட்டனாலும் அம்புக்குறிப் பட்டன்களாலும் மௌஸ் பகுதிக்குச் சென்று, விரித்து, மௌஸின் பெயரில் நின்று 'டிலீட்' கொடுத்து, கணனியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதனைத் தானே மீண்டும் நிறுவிக்கொள்ளும். தவறியும் கீபோர்ட்டின் பெயரை நீக்கிவிடாதீர்கள். பின்னர் இரண்டும் இல்லாமல் போய்விடும்.

பழைய கணக்கு மென்பொருளுக்காகப் புதிய கணனியில் விண்டோஸ் 7 போடச் சொல்பவர்களுக்கும் இது நேரும். விண்டோஸ் 7 வெளிவந்தபோது யூ.எஸ்.பி. 3க்கான டிரைவர் அதனோடு சேர்க்கப்படவில்லை. 2015இற்குப் பின் வந்த இன்டெல் கணனிகள் பலவற்றில் அந்த டிரைவர் இல்லாமல் யூ.எஸ்.பி. மௌஸும் கீபோர்ட்டும் இயங்கமாட்டா. மேலும் விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

3. காலையில் வேலை செய்யாது. ரீஸ்டார்ட் செய்தால் சரி. இது பலரையும் குழப்பும் ஒன்று. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு முறை இருக்கிறது. நாம் 'ஷட்டவுண்' செய்யும்போது கணனி முழுமையாக வெறுமையாவதில்லை. விண்டோஸின் உள்நிலையையும் டிரைவர்களின் நிலையையும் ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. கடையைக் கூட்டித் துடைக்காமல் ஷட்டரை மட்டும் இழுத்துவிட்டுப் போவது போன்றதே இது. நேற்றைய குப்பை இன்றும் இருக்கும். ரீஸ்டார்ட் என்பது முழுமையாகத் துடைத்துத் திறப்பது.

கொன்ட்ரோல் பனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்' சென்று, பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியைத் திறந்து, 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' எதிரேயுள்ள சரி அடையாளத்தை நீக்கிவிடுங்கள். தொடங்க இன்னும் சில செக்கன்கள் எடுக்கும், அவ்வளவுதான்.

ஜும்ஆவுக்குக் கடையை மூடிச் செல்லும்போது கணனி 'ஸ்லீப்' நிலைக்குப் போய், திரும்பி வரும்போது மௌஸ் மட்டும் விழிக்காமல் இருப்பதும் இதற்கு அண்மித்த கோளாறே. டிவைஸ் மெனேஜரில் 'யூ.எஸ்.பி. ரூட் ஹப்' என்பதன் மின்சிக்கனப் பகுதியில், சேமிப்புக்காக இக்கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிவிடுங்கள்.

4. பழுதுநீக்கும் நீலத்திரையில் மட்டும் வேலை செய்யாது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி மைக்ரோசொப்ட் வெளியிட்ட விண்டோஸ் 11 பாதுகாப்பு மேம்படுத்தலுக்குப் பின், சாதாரண திரையில் மௌஸ் ஒழுங்காக ஓடியது. ஆனால் கணனி தொடங்கத் தவறும்போது வரும் பழுதுநீக்கும் திரையில் யூ.எஸ்.பி. மௌஸும் கீபோர்ட்டும் செயலிழந்தன. மைக்ரோசொப்ட் அதனை ஏற்றுக்கொண்டு, ஒக்டோபர் 20ஆம் திகதி அவசரத் திருத்தம் வெளியிட்டது. வட்ட முனையுடைய பழைய பீ.எஸ்.2 கருவிகள் அந்த நாட்களிலும் அத்திரையில் வேலை செய்தன என்பது சுவாரஸ்யம். இதில் வாடிக்கையாளரின் மௌஸிலோ கணனியிலோ எந்தக் குற்றமும் இருக்கவில்லை. அவசரப்பட்டுப் புது மௌஸ் வாங்கியிருந்தாலும் பயன் கிடைத்திருக்காது.

மின்வெட்டுக்குப் பின்

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே ஒரேயடியாக இருளில் மூழ்கியதையும் நாம் மறக்கவில்லை. திடீர் மின்தடைக்குப் பின் மௌஸ் வேலை செய்யவில்லை என்றால், கணனியை முறையாக நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பின்னர் போட்டால் பல வேளைகளில் யூ.எஸ்.பி. துவாரங்கள் மீண்டும் உயிர் பெறும். கடைக் கணனிக்கு ஒரு யூ.பீ.எஸ். வைப்பது ஆடம்பரமல்ல, அவசியம்.

டெக்னீஷியனிடம் என்ன சொல்வது?

இவ்வளவும் செய்து சரிவராவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் வெறுமனே "மௌஸ் வேலையில்லை" என்று சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, வேறு மௌஸ் போட்டுப் பார்த்தபோது என்ன நடந்தது, ரீஸ்டார்ட் செய்தால் மாற்றம் உண்டா என்ற மூன்றையும் சொல்லுங்கள். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும். அத்தோடு, "என்னிடம் கேட்காமல் போர்மட் செய்ய வேண்டாம்" என்பதை பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்கு மேலதிகமாக ஒரு வயர் மௌஸ் வாங்கி லாச்சியில் போட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அதனை வீட்டில் வையுங்கள். மௌஸ் போனால் இன்னொன்றை வாங்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு போனால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.