மெடிக்கல் ரெப்புக்கு எதைக் கற்பிக்க வேண்டும்?

வண்ணாத்திவில்லில் ஒருவருக்குச் சீனி வருத்தத்துக்குப் புதிய குளிசை எழுதப்படுகிறது. அந்தக் குளிசையைப் பற்றி வைத்தியரிடம் முதலில் பேசியவர் பல வேளைகளில் மருந்துக் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி, அதாவது மெடிக்கல் ரெப். அவருக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பது நோயாளியின் உடம்பைத் தொடும் விஷயம்.

ரெப்மாரைக் களத்துக்கு அனுப்புமுன் கம்பனிகள் பயிற்சி கொடுக்கின்றன. கணையம், இன்சுலின், மூன்று மாதச் சராசரி சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, மருந்து வேலை செய்யும் விதம் எல்லாம் அதில் வரும். வைத்தியரின் அறைக்குள் கிடைப்பதோ சில நிமிடங்கள். அதற்குள் எந்த எண்ணைச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

எம்பாகிளிஃபுளோசின் என்ற சீனி வருத்த மருந்தைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். இதய நோயால் ஏற்படும் இறப்பை அம்மருந்து 38 வீதம் குறைத்தது. அதே முடிவை இப்படியும் சொல்லலாம்: ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், மருந்து எடுக்காதவர்களில் 100 பேருக்கு 5.9 பேர் இதய நோயால் இறந்தார்கள், எடுத்தவர்களில் 3.7 பேர். இரண்டும் உண்மை. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். அதைச் சொல்லாமல் 38ஐ மட்டும் சொல்வது நேர்மையான பயிற்சியாகாது.

மருந்தின் தீங்கும் இதே பயிற்சிக்குள் வரவேண்டும். ரோசிகிளிட்டசோன் என்ற சீனி வருத்த மருந்து மாரடைப்பைக் கூட்டக்கூடும் என்று 2007இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. 2010இல் ஐரோப்பாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. பிந்திய ஆய்வுகளைப் பார்த்து அமெரிக்கா 2013இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது உண்மைதான். ஆனால் அதன் பாதுகாப்புத் தகவல்கள் சிலவற்றை அரசுக்குக் கொடுக்கத் தவறியதும் சேர்ந்த வழக்கில், கிளாக்சோஸ்மித்கிளைன் கம்பனி 2012இல் 300 கோடி டொலர் செலுத்த ஒத்துக்கொண்டது. தலைமையகம் மூடி வைப்பதை ரெப் எங்கே கற்பார்?

புத்தளம் கரையில் வேலை செய்யும் ரெப்புக்கு இன்னும் சில பாடங்கள் வேண்டும். இங்கே நோன்பு பிடிப்பவர்கள் நிறையப் பேர். கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுத்துக்கொண்டு பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தாக இறங்கிவிடலாம். இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மி.கி.க்குக் கீழே போனால் நோன்பை உடனே விடவேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டல். மருந்து நேரத்தையும் அளவையும் நோன்புக்கு முன்பே வைத்தியரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தது வெயில். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும், உறையவிடக் கூடாது. பாவிக்கத் திறந்த குப்பியும் சூடேறும் இடத்தில் கிடந்தால் கெடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் நனைந்த மண்பானை உதவும். இவற்றைத் தெரிந்த ரெப், பாமசிக்காரருக்கும் நல்ல துணை.

உலக சுகாதார நிறுவனம் 1988இலேயே ரெப்மாரின் வேலைக்கு நெறிகள் வகுத்தது. ரெப்மாருக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுப்பது கம்பனியின் பொறுப்பு. அவர்களின் வருமானத்தின் பெரும்பகுதி விற்பனை அளவில் நேரடியாகத் தங்கியிருக்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. என் பார்வையில் இதுதான் உயிர்நாடி. மாத இலக்கு கழுத்தை நெரிக்கும்போது எவ்வளவு நல்ல பாடமும் வாயில் வராது.

புதிய குளிசை எழுதப்பட்டால் வைத்தியரிடம் கேளுங்கள்: பழையதை விட இது எனக்கு எதில் நல்லது, விலை குறைந்த மாற்று உண்டா, நோன்பில் எப்படி எடுப்பது? பதில் வரும்வரை பழைய மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம்.