தமிழகத்தில் சீனப் பீங்கான்

தமிழகத்தில் சீனப் பீங்கான் என்பது இடைக்காலத்தில் சீனாவிலிருந்து கடல்வழி வந்து, தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலும் தலைநகரங்களிலும் ஓடுகளாகக் கிடைக்கும் கலங்களைக் குறிக்கும். இவற்றில் பெரும்பாலானவை கிண்ணம், தட்டு, சாடி போன்ற புழங்கு பொருட்களே.

சீன வீடுகளில்

தாங், சொங், யுவான் அரசமரபுகளின் காலத்தில் சோறு, தேநீர், மது ஆகியவற்றுக்கு மண்கலங்கள் பயன்பட்டன. சாங்சா சூளைகளின் கிண்ணங்களில் பறவை, மலர், மீன், மேகம் ஆகியவை விரைந்த தூரிகைக் கோடுகளால் தீட்டப்பட்டன. சிலவற்றில் கவிதை வரிகளும் உண்டு. 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டறியப்பட்ட கப்பலில் ஏறத்தாழ 60,000 கலங்கள் இருந்தன. பெரும்பாலானவை சாங்சா கிண்ணங்கள், ஒன்றில் கி.பி. 826-க்குரிய ஆண்டுக் குறிப்பு உள்ளது. அழகூட்டப்பட்ட கிண்ணம் அரண்மனைக்கு மட்டும் உரியதன்று, பெருமளவில் செய்யப்பட்ட சரக்கு என்பதை இது காட்டுகிறது.

செய்முறை

லோங்சுவான் கலங்களின் பச்சை நிறம், மெருகுப் பூச்சிலுள்ள சிறிதளவு இரும்பு, காற்று குறைந்த சூளையில் வேகும்போது உண்டாவது. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் தாமரை இதழ்களும், தட்டின் உட்புறத்தில் இரட்டை மீன்களும் இதன் வழக்கமான அணிகள். 14-ஆம் நூற்றாண்டில் ஜிங்தெச்சென் நகரில் பெருகிய நீல-வெள்ளைக் கலங்களில், கோபால்ட்டு நிறமியால் வரைந்து அதன்மேல் ஒளி ஊடுருவும் பூச்சு இடப்பட்டது. பூச்சுள்ள இக்கலங்கள் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சுவதில்லை. சாதாரண மண்பானையிலிருந்து இவை வேறுபடுவது இதனால்தான்.

தமிழகக் கண்டெடுப்புகள்

இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் நடத்திய அகழாய்வில் 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் பச்சை, வெள்ளை, நீல-வெள்ளை ஓடுகள் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராசிமா இவற்றை ஆராய்ந்தார். கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டிலும், அரிக்கமேட்டின் மேல் மண்ணடுக்குகளிலும் சீன ஓடுகள் உள்ளன. சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனாவுக்குத் தூதுக்குழு அனுப்பினர். சீனத் துறைமுகமான சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. போக்குவரத்து இருவழியிலும் நடந்ததற்கு இவை சான்று.

தொல்லியல் முக்கியத்துவம்

செம்பும் வெள்ளியும் உடைந்தால் உருக்கப்படும். பீங்கான் உடைந்தால் குப்பையில் எறியப்படும். மட்காததால் அங்கேயே கிடக்கும். பூச்சு, அணி, அடிப்பகுதி ஆகியவை காலந்தோறும் மாறியதால், ஓர் ஓட்டைக் கொண்டு அது செய்யப்பட்ட சூளையையும் நூற்றாண்டையும் பெரும்பாலும் கணிக்கலாம். அதே மண்ணடுக்கிலுள்ள உள்ளூர்ப் பானை ஓடுகளின் காலத்தை அறியவும் அது உதவும். ஆனால், கிடந்த இடத்திலிருந்து பதிவின்றி எடுக்கப்பட்ட ஓடு தன் சூளையைச் சொல்லுமே தவிர, அது வந்து சேர்ந்த ஊரின் வரலாற்றைச் சொல்லாது.