ஏரியில் இறங்கிய வாலிபர்கள்!
கொக்குக்கும் தவளைக்கும் வீடு

சென்னை பல்லாவரத்தில் இருந்து துரைப்பாக்கம் போகும் 200 அடி ரோட்டில் பஸ் ஏறினால், வழியில் கீழ்க்கட்டளை ஏரி வரும். ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டுதான் அந்த ரோடே போகிறது!

இந்த ஏரியின் பெயர் சுவிட்சர்லாந்து வரை போனது. ரோலக்ஸ் கடிகாரக் கம்பெனி 2012-ல் ஒரு சென்னை வாலிபருக்குப் பரிசு கொடுத்தது. பெயர் அருண் கிருஷ்ணமூர்த்தி. பரிசு எதற்கு? இந்த ஏரியைச் சுத்தம் செய்யக் கிளம்பியதற்கு!

வேலையை உதறினார்

முடிச்சூர் பக்கம் வளர்ந்த அருண், கூகுள் கம்பெனியில் வேலை பார்த்தவர். நாலு பேர் ஆசைப்படும் உத்தியோகம். அதை உதறிவிட்டுக் குப்பை வாரப் போனார். 2007-ல் அவர் தொடங்கிய இ.எப்.ஐ. அமைப்பில், சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் பலம். மாணவ-மாணவிகளும் லீவு நாளில் வந்து சேற்றில் இறங்குகிறார்கள்.

குப்பையை அகற்றுவது, கரை போடுவது, நாட்டு மரங்கள் நடுவது. இதுதான் கீழ்க்கட்டளைத் திட்டம்.

தொட்டி ஆகிவிடும்

சும்மா ஆழமாகத் தோண்டினால் ஏரி ஆகிவிடுமா? ஆகாது. கரையைச் செங்குத்தாக வெட்டினால் அது வெறும் தண்ணீர்த் தொட்டி. கொக்கு எங்கே நிற்கும்? வால் சுருங்கி மறைந்த தவளைக் குஞ்சு எப்படிக் கரை ஏறும்? ஓரம் சரிவாக இருக்கவேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீரில் கோரை முளைக்க வேண்டும். நடுவில் மண் திட்டு போட்டு மரம் வைத்தால், நாய்த் தொல்லை இல்லாமல் பறவை கூடு கட்டும்.

ஆகாயத்தாமரையை விட்டுவைத்தால் வெயில் உள்ளே போகாது, மீன் மூச்சுத் திணறும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவராவது கொண்டுவந்து விட்டாலோ, தீர்ந்தது கதை. சின்ன மீன், தவளை எதையும் விடாது.

பக்கத்தில் காடு

கீழ்க்கட்டளைக்கு அருகிலேயே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. அங்கே பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. முள்காட்டைச் சுற்றியுள்ள பறவைகளுக்குக் கோடையில் இந்த மாதிரி ஏரி, குட்டைகள்தான் கதி.

ஆனால் ஒன்று. சாக்கடைத் தண்ணீர் ஏரியில் வந்து விழுந்தால், ஞாயிற்றுக்கிழமை வாரியது திங்கட்கிழமையே வீண். அதைத் தடுக்கத் தொண்டர்களால் ஆகாது. அது அதிகாரிகள் செய்யவேண்டிய வேலை.

கெடுவது கீழ்க்கட்டளை மட்டும் அல்ல. இந்த ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு! 2022-ல் உலக 'ராம்சர்' பட்டியலில் இடம்பிடித்த அதே பள்ளிக்கரணைதான்.