சிம்முக்கும் ஒரு பூட்டு போடுங்க

எந்த ஃபோன் வாங்கலாம், எதுல கேமரா நல்லா இருக்கும்னு சொல்ற கட்டுரை இல்ல இது. கையில இருக்கிற ஃபோன் தொலைஞ்சு போனா என்ன ஆகும், அதுக்கு முன்னாடியே நாம என்ன செஞ்சு வெக்கலாம்ங்கிறதுதான் விஷயம்.

உங்க ஃபோனுக்குப் பூட்டு இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வீங்க. கைரேகை, பேட்டர்ன், முகம், ஏதோ ஒண்ணு இருக்கும். சரி, உங்க சிம்முக்குப் பூட்டு இருக்கா? எங்க கிளாஸ்ல இதைக் கேட்டப்ப, அப்படி ஒண்ணு இருக்கறதே பல பேருக்குத் தெரியல.

ஃபோனை எடுத்துட்டுப் போறவனுக்கு உங்க கைரேகை தேவையே இல்ல. ஒரு சின்ன ஊசி இருந்தா சிம்மை வெளிய எடுத்துடலாம். அதை வேற ஃபோன்ல போட்டா, அந்த நிமிஷத்துல இருந்து உங்க நம்பர் அவன் கையில. உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். வாட்ஸ்அப், மெயில், வங்கின்னு எல்லாமே இன்னிக்கு "இந்த நம்பர் யார்கிட்ட இருக்கோ அவர்தான் இவர்"னு நம்பித்தான் ஓடுது.

பேக் கவர்ல இருக்கிற ஆபத்து

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடுற நேரத்துல ராயபுரம், காதர்பேட்டை பக்கம் பத்து நிமிஷம் நின்னு பாருங்க. பனியன் கம்பெனியில இருந்து வர்றவங்க கையில இருக்கிற ஃபோனைத் திருப்பிப் பார்த்தா, கண்ணாடி மாதிரி கவருக்குள்ள ஏடிஎம் கார்டு இருக்கும். சில பேர் ஆதார் கார்டையும் அங்கேயே வெச்சிருப்பாங்க. பர்ஸ் தனியா வேண்டாம், வசதியாத்தான் இருக்கு.

ஆனா யூபிஐ பின் நம்பரைப் புதுசா போட என்ன கேக்கறாங்கன்னு யோசிங்க. டெபிட் கார்டோட கடைசி 6 எண்கள், காலாவதி தேதி, அப்புறம் ஓடிபி. முதல் ரெண்டும் கார்டு மேலயே அச்சடிச்சிருக்கு, மூணாவது சிம்முக்கு வருது. சில வங்கிகள் ஏடிஎம் பின்னும் கேக்கும், ஆனா எல்லாரும் கேக்கறதில்ல. அதாவது ஒரு வாரச் சம்பளத்துக்கான சாவி முழுசும் ஒரே கவர்ல. அதனால முதல் வேலை, கார்டை அங்கிருந்து எடுங்க. செலவே இல்லாத டிப்ஸ் இதுதான்.

சிம் பின் போடறது எப்படி?

செட்டிங்ஸ்ல மேல தேடற இடத்துல "சிம் லாக்"னு தேடுங்க, பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்ல வந்துடும். ஐஃபோன்ல மொபைல் டேட்டா பகுதிக்குள்ள "சிம் பின்" இருக்கும். அதை ஆன் பண்ணும்போது பழைய பின் ஒண்ணு கேக்கும். அது சிம் கம்பெனி ஏற்கெனவே வெச்சிருக்கிற எண். தயவுசெஞ்சு குத்துமதிப்பா அடிக்காதீங்க. மூணு தடவை தப்பானா சிம் பூட்டிக்கும், திறக்க பியூகே என்ற 8 இலக்க எண் வேணும். அதையும் 10 தடவை தப்பா அடிச்சா அந்த சிம்மே போச்சு. முதல்ல கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டு ரெண்டு எண்ணையும் கேட்டு, நோட்ல எழுதி வெச்சுட்டு ஆரம்பிங்க. அப்புறம் உங்களுக்குப் பிடிச்ச எண்ணா மாத்திக்கலாம்.

இனிமே ஃபோனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போதும், சிம்மை வேற ஃபோன்ல போடும்போதும் அந்தப் பின் இல்லாம நெட்வொர்க் கிடைக்காது. ஒரு தொல்லையும் இருக்கு, மறைக்கல. ராத்திரி அப்டேட் ஆகி ஃபோன் தானா ரீஸ்டார்ட் ஆனா, நீங்க பின் போடற வரைக்கும் கால் வராது. எனக்கு அது பெரிய நஷ்டமாத் தெரியல. ஃபோன் வாங்கின முதல் நாளே கைரேகை வைன்னு கேக்கற கம்பெனிகள், சிம் பூட்டை மட்டும் ஏன் செட்டிங்ஸ் அடியில ஒளிச்சு வெக்கறாங்கங்கிறதுதான் எனக்குக் கோபம்.

இதோட இன்னும் மூணு சின்ன வேலை இருக்கு:

- பூட்டின திரையில மெசேஜ் உள்ளடக்கம் தெரியாத மாதிரி மாத்துங்க. இல்லைன்னா பின் போட்டும் பிரயோஜனமில்ல, ஓடிபி வெளியவே தெரியும்.
- பூட்டுத் திரையில வீட்டு நம்பர் ஒண்ணு எழுதி வைங்க. நல்ல மனுஷங்க கையில கிடைச்சா கூப்பிட ஒரு வழி வேணும்ல.
- *#06# அடிச்சா 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ரெண்டு சிம் ஃபோன்னா ரெண்டு எண் வரும். பேப்பர்ல எழுதி ஃபோன் பில்லோட வைங்க. அதே ஃபோன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெக்கறதுல அர்த்தமில்ல.

தொலைஞ்சே போச்சுன்னா?

இங்கதான் சிம் பூட்டோட உண்மையான லாபம் தெரியும். பூட்டு இல்லைன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம சிம்மை பிளாக் பண்ணணும். ஆனா சிம் பிளாக் ஆனதும் ஃபோனுக்கு இன்டர்நெட் போயிடும், அப்புறம் அது எங்க இருக்குன்னு கூகுள்ல தேடறது கஷ்டம். சிம் பூட்டு இருந்தா, நண்பர் ஃபோன்ல தேடிப் பார்க்கவும், தூரத்துல இருந்தே லாக் பண்ணவும் ஒரு பத்து நிமிஷம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

அதுக்கு அப்புறம் வரிசையா இதைச் செய்யுங்க. அதே கம்பெனி சிம் வெச்சிருக்கிறவர் ஃபோன்ல இருந்து 198க்குக் கூப்பிட்டு சிம்மை பிளாக் பண்ணுங்க. வங்கிக்குச் சொல்லி யூபிஐயையும் கார்டையும் நிறுத்துங்க. பணம் போயிருந்தா உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்வளவு நல்லது. பிறகு போலீஸ் புகார், அதே நம்பருக்குப் புது சிம். புது சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, பயப்படாதீங்க. யாராவது உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் உடனே ஓடிபி எடுக்க முடியாத மாதிரி போட்ட தடுப்பு அது.

கடைசியா சஞ்சார் சாத்தி. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாசம் நாடு முழுக்கக் கொண்டு வந்த இணையதளம். புகார் நகலும் ஐஎம்இஐயும் கொடுத்தா, அந்த ஃபோன் இந்தியாவுல எந்த நெட்வொர்க்லயும் வேலை செய்யாம பண்ணிடலாம். ஃபோன் திரும்பக் கிடைச்சா அங்கேயே பூட்டை எடுத்துக்கலாம். செகண்ட் ஹேண்ட் ஃபோன் வாங்கறவங்களும் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி அங்க ஐஎம்இஐயைப் போட்டுப் பாருங்க. திருட்டு ஃபோன்னு பிளாக் ஆகியிருந்தா தெரிஞ்சிடும்.

சிம் யார் பேர்ல இருக்கு?

இதை நிறைய பேர் யோசிக்கறதில்ல. வீட்டுக்காரர் பேர்ல சிம் வெச்சிருக்கிற அக்காக்கள், கூட வந்தவர் வாங்கிக் கொடுத்த சிம்மோட பீகார்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் வந்து வேலை பாக்கறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். ஃபோன் தொலைஞ்சா டூப்ளிகேட் சிம் வாங்க, யார் பேர்ல இருக்கோ அவர்தான் வரணும். அவர் ஊர்ல இல்லைன்னா நம்பரோட சேர்த்து வங்கிக் கணக்கும் முடங்கிடும். உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னும் சஞ்சார் சாத்தியிலேயே பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தா அங்கேயே சொல்லலாம்.

நமக்கு செட்டிங்ஸ்ல தேடி எடுக்கத் தெரியும். ஓவர்லாக் மெஷின்லயும் செக்கிங் டேபிள்லயும் நாள் முழுக்க நிக்கற அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதுக்கு நேரம் இருக்காது. இந்த ஞாயித்துக்கிழமை அவங்க ஃபோனை ஒரு அரை மணி நேரம் வாங்கி, கார்டை எடுத்துட்டு, சிம்முக்குப் பின் போட்டு, அந்த எண்ணை அவங்க கையாலயே எழுதி வெக்கச் சொல்லுங்க. பின் அவங்களுக்கு ஞாபகம் இருக்கணும், நமக்கு இல்ல.