காரை வாங்காமல் கார் பந்தயம்

பந்தயம் ஓட்ட ஆசைப்படுகிறவர் முதலில் வாங்கக் கூடாத பொருள் கார். அடையாறில் எங்கள் மாடி வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முறைத்தாள். அவளுக்கு ஓஎம்ஆரில் வேலை. இந்த வருட போனஸில் ஒரு பழைய ஸ்விஃப்டை வாங்கி, சஸ்பென்ஷனை மாற்றி, எக்ஸாஸ்டை மாற்றி, ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையில் என்ன கேட்பது என்று பட்டியலே போட்டு வைத்திருந்தாள். "கார் இல்லாம எப்படி அங்கிள் ஓட்றது?"

கார் விலை ஒரு தடவைதான் போகும்மா என்றேன். டயர், பிரேக் பேட், பெட்ரோல், காரை ஏற்றிப் போகிற வண்டிக்கு வாடகை, மெக்கானிக் கூலி, என்ட்ரி ஃபீஸ், எங்காவது இடித்தால் டிங்கரிங் என்று மற்ற செலவெல்லாம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வரும். போனஸ் மொத்தத்தையும் காரில் போட்டவர் அதை ஷெட்டில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவருக்கு வேண்டியது ஸ்டீரிங் கையில் இருக்கிற நேரம். அது எங்கே மலிவாகக் கிடைக்கும் என்றுதான் தேட வேண்டும்.

முதலில் ஈசிஆர் பக்கம் உள்ள வாடகை கோ-கார்ட். "அது பர்த்டே பார்ட்டிக்குப் போற இடமாச்சே!" என்றாள். போகட்டும். கார்ட்டில் கியர் கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது, டிஃபரென்ஷியலும் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருக்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும்; ஒரே தண்டில் இருந்துகொண்டு அது முடியாது. அதனால் உள்பக்கப் பின்சக்கரத்தின் மேல் இருக்கிற பாரம் ஒரு கணம் குறைய வேண்டும், முடிந்தால் சக்கரம் தரையை விட்டே எழ வேண்டும். ஸ்டீரிங்கைக் கண்டபடி ஒடித்தால் வண்டி உரசி, இழுத்து, வேகம் செத்துப்போகும். எப்போது பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னால் போகிறது, எப்போது பக்கவாட்டில் சாய்கிறது என்பதை இடுப்பும் முதுகும் கற்றுக்கொள்வது இங்கேதான். பெரிய காரில் இதைக் கற்கப் பல மடங்கு செலவாகும். சுற்று நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பத்துச் சுற்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்வரை அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டாம். ஒரே ஒரு சுற்று பிரமாதமாக வந்ததை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அப்பாவின் காரையே வைத்து ஓட்டக்கூடிய போட்டியும் உண்டு: டிஎஸ்டி ரேலி. வேகமாகப் போனவருக்குப் பரிசில்லை, சொன்ன நேரத்துக்குப் போனவருக்குத்தான். சாதாரணச் சாலை, சாதாரணப் போக்குவரத்து. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சராசரி வேகம் கொடுப்பார்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 100 நொடி. எங்கே நின்று நேரம் குறிக்கிறார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. முந்தினாலும் அபராதம், பிந்தினாலும் அபராதம். பக்கத்து சீட்டு நேவிகேட்டருக்குத்தான் முழு வேலையும். மயிலாப்பூர் கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் இதற்கென்றே பிறந்தவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு மேல்தான் நிஜத் தடம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், ஃபியட்டையும் ஹெரால்டையும் குடைந்து குடைந்து மாற்றி ஓட்டிய காலம் அது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் வந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். ஆனாலும் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்ததில் பெரிய பங்கு கோயம்புத்தூர் எஸ். கரிவரதனுக்கு என்பேன். 1980களின் கடைசியில் அவர் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். 796 சிசி, மூன்று சிலிண்டர், எந்தத் தெரு மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுகிற எஞ்சின். எல்லாருக்கும் அதே எஞ்சின் என்பதால் யார் கையில் சரக்கு இருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்கே போனார். நடிகர் அஜித் குமாரும் அதில் ஓட்டியிருக்கிறார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பவை எல்ஜிபி ஃபார்முலா 4, நோவிஸ் கப் போன்ற பிரிவுகள். எல்ஜிபி காரில் இருப்பது மாருதி ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் எஞ்சின். இங்கே சொந்தக் காரோடு யாரும் வர வேண்டியதில்லை. டீமிடம் ஒரு சீட்டை வாடகைக்கு எடுக்கலாம். அதற்கு முன் ஏதாவது ஒரு ரேஸிங் ஸ்கூலில் பயிற்சி, மருத்துவச் சான்று, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ். அதெல்லாம் அலைச்சல்தான், கஷ்டமில்லை.

"அதுவரைக்கும் ராத்திரி ஈசிஆர்ல கொஞ்சம் பிராக்டிஸ்?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவின்படி மாநில அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் குற்றம். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ஓடியது அரசே சாலையை மூடிக்கொடுத்ததால்தான். இன்னொன்றைப் பலர் படிப்பதே இல்லை: சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு இல்லை என்று அச்சடித்தே இருக்கும். அந்த ஸ்விஃப்டை டிராக்கில் இடித்தாலும் முழுச் செலவும் அவள் கையிலிருந்துதான்.

ஹெல்மெட் மட்டும் சொந்தமாக, புதிதாக. பைக் ஹெல்மெட் ஆகாது. கார் பந்தய ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்கும். காருக்குள் உள்ள பாதுகாப்புக் கூண்டுக் கம்பியில் மோதினாலும் தாங்குமா என்று சோதித்திருப்பார்கள். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியை மாட்ட இடமும் இருக்கும். செகண்ட் ஹேண்ட் கூடவே கூடாது. ஒரு அடியில் உள்ளே நுரை நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது. ஓவராலையும் ஷூவையும் முதல் சீசனுக்கு டீமிடமே இரவல் கேட்டுப் பார்க்கலாம்.

பந்தயம் நடக்கிற ஒரு வாரக்கடைசியில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் டீம்காரர்களிடம் பேசு என்றேன். வாடகையில் டயர் சேர்த்தியா, பயிற்சி நாள் எத்தனை, என்ட்ரி ஃபீஸ் யார் கட்டுவது என்று கேள். கடைசியாக, இடித்தால் என் பங்கு எவ்வளவு, அதற்கு உச்சவரம்பு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். அந்தக் கேள்விக்கு மழுப்புகிற டீமிடம் முன்பணம் கொடுக்காதே. அடுத்த ஷெட்டுக்குப் போ.